பாம்புக்கு ஒரு கட்டம்

காலை ஆறரைக்கு கிராண்ட் பே துறையில்
பதினோரு பேருக்கு வாந்தி மாத்திரை கொடுத்தேன்.
பன்னிரண்டாமவர் வியன்னாக்காரர்.
கடல் எனக்குப் பழக்கம், வேண்டாம் என்றார்.
குவான் தெ மீர் தாண்டுவதற்குள்
அவரும் நீல வாளியும்
பிரியாத உறவாகிவிட்டார்கள்.

அவர் மனைவி திரும்பிப் பார்க்கவில்லை.
தொலைநோக்கியை இறக்கவேயில்லை.
மடியில் ஒரு சிறு நோட்டு,
பறவைக்கு ஒரு கோடு.

ஒலிவாங்கியில் நான் சொல்ல வேண்டியது
மனப்பாடம்:
இந்தத் தீவுகள் எரிமலை போட்ட குட்டிகள்,
தாய் அணைந்து வெகு காலமாயிற்று,
இடப்பக்கம் தெரிகிற வரிகள் படிந்து இறுகிய சாம்பல்,
தயவுசெய்து எல்லோரும் ஒரே பக்கம் சாய வேண்டாம்.

சாய்ந்தார்கள்.
ஓங்கில்கள் வந்திருந்தன.
ஆறு. ஒருவர் எட்டு என்றார்.
மரிமூத்தூ இன்ஜினைத் தணித்தார்.

அவர் பாட்டனுக்குப் பாட்டன் மாரிமுத்து.
கப்பலிலிருந்து இறங்கிய வரிசையில்
பிரெஞ்சுக் காதோடு உட்கார்ந்திருந்த குமாஸ்தா
கேட்டபடி எழுதிய எழுத்துக்கு
இன்றுவரை குடும்பமே திரும்பிப் பார்க்கிறது.
அந்தக் குமாஸ்தாவின் அண்ணனோ யாரோதான்
வரைபடமும் போட்டிருக்க வேண்டும்.
வட்டத் தீவு வட்டமாக இல்லை.
பாம்புத் தீவில் பாம்பு இல்லை.
பாம்பெல்லாம் வட்டத் தீவில்.
வட்டமாக இருப்பது பாம்புத் தீவு.
இதைச் சொன்னதும் சிரிப்புக்கு
மூன்று நொடி விட வேண்டும் என்பது
கம்பெனி விதி.

பாம்புத் தீவு முதலில் நாற்றமாக வந்தது.
பிறகு சத்தமாக.
அதன் பின்தான் பாறை,
தலையில் சுண்ணாம்புச் சட்டி கவிழ்ந்த வெள்ளை.
ஆலாக்கள்.
ஒரு வானத்துக்குள் கொள்ளாத ஆலாக்கள்.
அத்தனை கேமராவும் ஒன்றாக உயர்ந்தன.
மேலிருந்து பதில் வந்தது
சொட்டுச் சொட்டாக,
லென்சு, தொப்பி, திறந்த வாய் பாராமல்.
வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளலாமா என்று
வியன்னாக்காரர் ஒரு கணம் யோசித்ததை
நான் பார்த்தேன்.
அவர் மனைவியின் பென்சில் நின்றது.
நோட்டை மூடி,
அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

வட்டத் தீவில் நாங்கள் இறங்க முடியாது.
ஆடும் முயலும் தின்று எலும்பாக்கிய சரிவில்
அடி பருத்த குட்டைப் பனைகள்
மறுபடியும் முளைத்திருக்கின்றன.
வாலில் சிவப்பு வைக்கோல் செருகிய வெண்பறவை ஒன்று
எதிர்காற்றில் பின்னோக்கிப் பறந்தது.

பின்வரிசைச் சிறுமி கேட்டாள்: பாம்பு?
அங்கே, என்றேன்.
அங்கே எங்கே?
பாறை இடுக்கில். பகலில் வெளியே வராது.
இரண்டு வகை இருந்தன,
ஒன்று இருக்கிறது.
மற்றது மண்ணுக்குள் புழங்கியது.
செடி போனது, பின்னாலேயே மண் போனது,
எழுபத்தைந்துக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

இதற்கு எத்தனை நொடி விட வேண்டும் என்று
கம்பெனி சொல்லித் தரவில்லை.
அலை பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது.
சிறுமி அந்தப் பாறையையே பார்த்தாள்,
அம்மா பிஸ்கட் நீட்டியும்.

மாலை, எச்சம் போகத் தளத்தை
இரண்டு தடவை தேய்த்துக் கழுவினேன்.
மரிமூத்தூ பதிவேட்டைத் திறந்தார்.
ஓங்கில் ஆறு. ஆமை ஒன்று.
ஆலாவுக்கான கட்டத்தில் ‘ஐயோ’ என்று எழுதினார்.
கடைசிக் கட்டம் அச்சடித்ததல்ல,
அவரே அடிக்கோல் வைத்துக் கிழித்தது,
மண்ணுக்குள் புழங்கிய அந்தப் பாம்புக்கு.

பேனா? என்று கேட்டேன்.
எங்கள் கிரியோலில் அதற்கு ‘இல்லை’ என்று பொருள்.
கையில்தானே இருக்கிறது,
என்றார் அவர் தமிழில், வேண்டுமென்றே.

பிறகு சுழி போட்டார்.
பதினெட்டு வருடமாகப் போடுகிற அதே சுழி.
மேலே தொடங்கி, இடப்பக்கம் இறங்கி, வளைந்து ஏறி,
வால் தலையைத் தொடுமுன்
கையை எடுத்துவிடுவார்.

நாளைக்குப் பதினான்கு பேர்,
மாத்திரை வாங்கி வை, என்றார்.